செய்திமடலின் தோற்றத்தை மாதா மாதம் மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் உள்ள ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகிறது. ஊரில் இருப்பவர்களுக்கும், ரொறன்ரோ, லண்டன், சுவிஸ் என்று போயிருப்பவர்களுக்கும் அதே மடல்தான். ஒவ்வொரு மாதமும் நிர்வாக சபையில் யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். ஒருவர் கன்வாவில் முழு மடலையும் ஒரே படமாகச் செய்து அனுப்புவார். அடுத்தவர் வேர்டில் தட்டி அப்படியே ஒட்டிவிடுவார். நிறம், தலைப்பு, இலச்சினையின் இடம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். "ஒரே வடிவமைப்பை வைத்திருந்தால் உண்மையிலேயே நன்மை உண்டா? வாசிக்கிறவர்களுக்கு அலுத்துப்போகாதா?"

நன்மை உண்டு. அலுக்காது. செய்தி பழசாக இருந்தால்தான் ஆட்கள் அலுத்துப்போவார்கள். காலபோகத்துக்கு ஒரு வரம்பும் சிறுபோகத்துக்கு வேறொரு வரம்பும் யாரும் கட்டுவதில்லை. வரம்பு நின்ற இடத்தில் நிற்க, விதைப்புத்தான் மாறும்.

நிலையான வடிவமைப்பு என்றதும் எல்லோரும் அழகையும் அடையாளத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். அது பாதிதான். ஒருமுறை கண்டுபிடித்துத் திருத்திய பிழை மறுபடி வராது என்பதே பெரிய இலாபம். இணையத்தளம் எந்த உலாவியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். மின்னஞ்சல் அப்படியில்லை. ஜிமெயில் ஒரு விதமாகக் காட்டும், அவுட்லுக் இன்னொரு விதமாகக் காட்டும், ஐபோனின் மெயில் செயலி மூன்றாவது விதமாகக் காட்டும். ஒவ்வொரு மாதமும் புதிதாகச் செய்தால், போன மாதம் திருத்திய அதே கோளாறு இந்த மாதம் வேறு உருவத்தில் திரும்ப வரும். வார்ப்புரு ஒன்றை, அதாவது மாதா மாதம் செய்தியை மட்டும் நிரப்பும் ஒரே அச்சை, வைத்து அதை ஒருமுறை நன்றாகச் சோதித்துவிட்டால், பிறகு மாதாந்தம் உங்களுக்கு இருப்பது எழுத்து வேலை மட்டும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எங்கள் பக்கம் அறிக்கை, அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றையும் இன்னமும் பாமினியில் தட்டும் பழக்கம் போகவில்லை. பாமினியில் தமிழ் உருவங்கள் ஆங்கில விசைகளின் குறியீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் கணினியில் பாமினி எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரிகிறது. அதே பந்தியை மடலில் ஒட்டி அனுப்பினால், மிசிசாகாவில் இருப்பவரின் கைத்தொலைபேசியில் அந்த எழுத்துரு இருக்காது. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பைதான் வரும். பொருள் வரியில் ஒட்டினால் இன்னும் மோசம். அங்கே எழுத்துருவைத் தெரிவு செய்யவே வழியில்லை, ஆகவே உங்கள் திரையிலும் குப்பைதான். எனவே முதல் விதி: வார்ப்புருவுக்குள் நுழையும் ஒவ்வொரு வரியும் யுனிகோட்டாக, அதாவது எந்தக் கருவியும் தமிழ் என்றே அறியும் பொதுக் குறியீட்டில், இருக்க வேண்டும். பாமினியில் வந்ததை மாற்றிக் கருவியில் போட்டு மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து பிரதி எடுப்பதையும் தவிர்க்கவும். கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" என்று இருந்தது உடைந்து வரும். அதிபரின் அறிக்கை பிடிஎஃப்பாக வந்தால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் திரும்பத் தட்டுவதே விரைவானது.

எழுத்துருவை அழகு பார்த்துத் தெரிவு செய்வதிலும் பயனில்லை. வெளியிலிருந்து இறக்க வேண்டிய எழுத்துருவை ஜிமெயில் எடுத்துக்கொள்ளாது. வாசகரின் கருவியில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதில்தான் மடல் தெரியும்: விண்டோஸில் நிர்மலா, பழைய விண்டோஸில் லதா, அண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, அப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம். இவற்றின் பெயர்களை வரிசையாக வார்ப்புருவில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடலாம். உங்கள் கையில் இருப்பது அளவும் இடைவெளியும். பந்தி எழுத்துக்கு 16 அல்லது 17 பிக்சல், தலைப்புக்கு 22, வரி உயரம் எழுத்தின் 1.6 மடங்கு. ஆங்கில வார்ப்புருக்களில் வரி உயரம் பெரும்பாலும் 1.3, 1.4 என்று இருக்கும். அதில் தமிழைப் போட்டால் மேல் வரியின் "கு", "ழூ" ஆகியவற்றின் வாலும் கீழ் வரியின் "கி", "கீ" ஆகியவற்றின் விசிறியும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது வரையப்படவே இல்லை. மென்பொருள் சும்மா சரித்துக் காட்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் வசதியையும் தொடாதீர்கள். சில கருவிகளில் உயிர்க்குறி மெய்யை விட்டு விலகி நிற்கும்.

இனி, முழு மடலையும் ஒரே படமாக அனுப்பும் பழக்கம். செய்கிறவருக்கு அது சுகம். நினைத்த எழுத்துரு, நினைத்த இடம், எதுவும் குலையாது. வாங்குகிறவருக்குத்தான் தொல்லை. அவுட்லுக் பெரும்பாலும் படங்களை உடனே காட்டாது. அனுமதி கொடுத்தால்தான் இறக்கும். அதுவரை வெறும் வெள்ளைக் கட்டம். கைத்தொலைபேசியில் படம் திரையின் அகலத்துக்குச் சுருங்கும், எழுத்தும் சேர்ந்து சுருங்கும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ அலைவரிசை குறைந்த இடத்தில் டேட்டாவில் பார்ப்பவர், இரண்டு மூன்று மெகாபைட் படம் இறங்கும்வரை காத்திருக்க மாட்டார். படத்துக்குள் இருக்கும் வங்கி விவரத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ பிரதி எடுக்க முடியாது, பிறகு தேடினாலும் அகப்படாது. பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க எதுவுமே இல்லை. படம் படமாகவும் எழுத்து எழுத்தாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி மாற்று உரை எழுதுங்கள். "படம் 1" என்று எழுதாமல், "இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெற்றிக் கேடயம் பெறும் மாணவிகள்" என்று எழுதினால் படம் இறங்காவிட்டாலும் செய்தி போய்ச் சேரும்.

விண்டோஸின் பழைய அவுட்லுக் தனி ரகம். 2007 பதிப்பிலிருந்து அது மடலைக் காட்டுவதற்கு வேர்டின் இயந்திரத்தையே பயன்படுத்துகிறது. அதனால் வட்ட மூலைப் பொத்தான் சதுரமாகும், பின்னணிப் படம் காணாமல் போகும். இவற்றை ஏற்றுக்கொண்டு விடலாம். விடக்கூடாதது ஒன்று உண்டு. படத்தின் அகலத்தை எச்டிஎம்எல்லில் (மடலின் பின்னால் இருக்கும் குறிமொழியில்) எண்ணாக எழுதாவிட்டால், 1200 பிக்சல் படத்தை அது 1200 பிக்சலாகவே காட்டி, மடலையே பக்கவாட்டில் பிளந்துவிடும். வார்ப்புருவில் படத்துக்கான இடத்தை 600 என்று பூட்டி வைத்தால், பிறகு யார் படம் மாற்றினாலும் இது நடக்காது.

திரையைக் கறுப்புப் பின்னணியில் காட்டும் இருள் தோற்றமும் அப்படித்தான். பின்னணி இல்லாத பிஎன்ஜி இலச்சினையில் பாடசாலையின் பெயர் கறுப்பில் இருந்தால், கறுப்புத் திரையில் பெயர் மறைந்து சின்னம் மட்டும் மிதக்கும். இலச்சினைக்குப் பின்னால் வெள்ளைத் தட்டு ஒன்றைச் சேர்த்துச் சேமித்துவிடுங்கள். அல்லது எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை போடலாம். ஒருமுறை செய்தால் போதும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒரு பொறி. மடலின் எச்டிஎம்எல் ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை நடுவில் வெட்டி, முழுவதையும் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் கொடுக்கும். படங்கள் இந்தக் கணக்கில் சேராது. எழுத்தும் குறிகளும்தான் சேரும். யுனிகோட்டின் வழக்கமான யுடிஎஃப்-8 வடிவில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "கி" என்பது இரண்டு குறியீடு, ஆகவே ஆறு பைட். ஆயிரம் சொல் மடலில் சொல்லுக்குப் பத்துக் குறியீடு என்று வைத்தால் எழுத்துக்கு மட்டும் 30 கிலோபைட் போகும். மடல் செய்யும் சில பழைய மென்பொருட்கள் தமிழை எண் குறியீடாக மாற்றிச் சேமிக்கும். அப்போது குறியீடொன்றுக்கு ஏழு பைட், அதாவது அதே ஆயிரம் சொல் 70 கிலோபைட். அதன் மேல் வேர்டிலிருந்து நேரே ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத அலங்காரக் குறிகள் மூட்டையாக வந்து சேரும். வெட்டுப்படுவது எப்போதும் அடிப்பகுதி. சங்கத்தின் முகவரியும் மடலை நிறுத்தும் இணைப்பும் அங்கேதான் இருக்கின்றன. நிறுத்தும் இணைப்பைக் காணாதவர் எரிதம் (ஸ்பாம்) என்று குறித்துவிட்டுப் போவார். அது மற்றவர்களுக்குப் போகும் மடலையும் கெடுக்கும். ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். இந்த ஒரு பழக்கம் பாதித் தலைவலியைத் தீர்க்கும்.

வடிவமைப்பு மடலைத் திறந்த பிறகுதான் தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். திறக்குமுன் தெரியும் மூன்றும் அதில் அடக்கம்: அனுப்புநர் பெயர், பொருள் வரி, அதற்கு அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரி. அனுப்புநர் பெயர் ஒருபோதும் மாறக்கூடாது. ஒரு மாதம் செயலாளரின் பெயரிலும் அடுத்த மாதம் பொருளாளரின் பெயரிலும் வந்தால் வாசகருக்கு அது இரண்டு அந்நியர்களின் மடல். பொருள் வரியில் நேர்மாறாகச் செய்யுங்கள்: மாறுவதை முன்னுக்குப் போடுங்கள். "பழைய மாணவர் சங்கத்தின் மாதாந்த மின்செய்திமடல், இதழ் 14" என்று தொடங்கினால் கைத்தொலைபேசித் திரையில் அதற்குள் இடம் முடிந்துவிடும். தமிழ் எழுத்து அகலம் கூடியது. முதல் 25, 30 எழுத்துக்குள் செய்தி வந்துவிட வேண்டும்: "ஆய்வுகூடக் கூரை வேலை முடிந்தது | வைகாசி மடல்". முன்னோட்ட வரியை நீங்கள் எழுதாவிட்டால், மின்னஞ்சல் செயலி மடலின் முதல் வரியை எடுத்துப் போடும். அது பெரும்பாலும் "சரியாகத் தெரியவில்லையா? இணையத்தில் பார்க்க" என்பதாக இருக்கும். இரண்டாவது முக்கிய செய்தியை அங்கே எழுதுங்கள்.

உள்ளே எலும்புக்கூடு எப்படி இருக்க வேண்டும்? உங்கள் அளவு சங்கத்துக்கு ஒற்றை நிரல், 600 பிக்சல் அகலம் போதும். இரண்டு நிரல் வைத்தால் கைத்தொலைபேசியில் எது முதலில் வரும் என்ற சண்டை வரும். மேலே இலச்சினையும் பெயரும் மாதமும் உள்ள பட்டி, உயரம் 100 பிக்சலுக்குள். பெரிய பதாகை போட்டால் முதல் திரை முழுவதையும் அதுவே தின்றுவிடும். அடுத்துத் தலைச்செய்தி: ஒரு படம், 80 முதல் 100 சொல், ஒரு பொத்தான். பிறகு மூன்று சிறு செய்திகள், ஒவ்வொன்றும் 40 சொல். அதன் கீழ் வரும் மாத நாட்கள், கணக்குச் சுருக்கம், அடிப்பகுதி. பாடசாலை நிறத்தில் ஒன்றைப் பட்டிக்கும் பொத்தானுக்கும் வைத்துக்கொண்டு, எழுத்தை வெள்ளையில் #333333 சாம்பலில் விடுங்கள். மஞ்சள் பாடசாலை நிறமாக இருந்தால் வெள்ளை எழுத்தை அதன் மேல் வைக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். மஞ்சளில் வெள்ளை அதற்குக் கிட்டவும் வராது. பொத்தானின் உயரம் 44 பிக்சலுக்குக் குறைந்தால் பெருவிரல் தவறிப்போகும்.

படங்கள் எல்லாம் ஒரே விகிதம், மூன்றுக்கு இரண்டு. 1200க்கு 800 ஆக வெட்டி, ஜேபெக்காகச் சுருக்கி, 150 கிலோபைட்டுக்குள் கொண்டுவாருங்கள். வட்ஸ்அப்பில் வந்த படம் ஏற்கெனவே தரம் குறைந்தது. அதை மறுபடி சுருக்கினால் முகங்கள் கூழாகும். படம் எடுத்தவரிடம் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

பகுதிகளின் வரிசை மாறாமல் இருப்பதுதான் வாசகருக்கு நேரடியான நன்மை. வேலைக்குப் போகும் ரயிலில் மடலைத் திறப்பவர் முழுவதையும் வாசிக்கப் போவதில்லை. கணக்கு எங்கே, மரண அறிவித்தல் எங்கே, இந்த முறை உயர்தரப் பெறுபேறு எங்கே என்று அவரது விரல் தானாகப் போக வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்று ஆங்கிலச் சுருக்கம் சேர்ப்பீர்களானால் அதற்கும் நிலையான இடம் கொடுங்கள், தலைச்செய்திக்கு உடனடுத்து மூன்று வரி. ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே, ஒரு மாதம் இல்லாமலே என்றால் அவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அனுப்பும் நேரமும் வடிவமைப்பின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, இலங்கை நேரம் மாலை 6.30 என்று வைத்தால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2 மணி, சூரிச்சில் 3 மணி. குளிர்காலத்தில் அங்கெல்லாம் ஒரு மணித்தியாலம் முந்தி. எல்லோரும் விழித்திருக்கும் நேரம்.

காசு விஷயத்துக்கு வருவோம். புலம்பெயர்ந்தவர்களிடம் புலமைப்பரிசிலுக்கும் கட்டட நிதிக்கும் கேட்கிறீர்கள். மாதா மாதம் முகம் மாறும் மடல் ஒன்று வங்கிக் கணக்கு இலக்கத்தோடு வந்தால், எச்சரிக்கையான ஆள் சந்தேகப்படத்தான் செய்வார், சந்தேகப்பட வேண்டும். ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே தோற்றம் என்று ஒரு வருடம் போன பிறகு வேறு மாதிரி ஒன்று வந்தால் அதுவே எச்சரிக்கையாகும். ஆனால் தோற்றத்தை யாரும் பிரதி பண்ணலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே கணக்கு இலக்கத்தை மடலில் போடாமல் சங்கத்தின் இணையப் பக்கத்தில் வைத்து, மடலில் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள். கணக்கு மாறினால் தொலைபேசியில் உறுதிப்படுத்தும் வழியையும் எழுதுங்கள். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்துக்கொண்டு மெயில்சிம்ப் போன்ற, மொத்தமாக மடல் அனுப்பும் சேவையால் அனுப்புவதும் நல்லதில்லை. சொந்த டொமைன் (இணையப் பெயர்) ஒன்றை எடுத்து, மடல் உண்மையிலேயே அந்தப் பெயரிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துவிடுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம்.

எது வேலை செய்கிறது என்று அறியவும் தோற்றம் நிலையாக இருக்க வேண்டும். நிறம், வரிசை, பொத்தான் எல்லாம் சேர்ந்து மாறினால், இந்த மாதம் அதிகம் பேர் அழுத்தியதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அளக்கும்போது திறந்தவர்களின் எண்ணிக்கையை அதிகம் நம்பாதீர்கள். மடலில் உள்ள ஒரு சிறு படம் இறங்குவதைத்தான் திறப்பு என்று எண்ணுகிறார்கள். 2021 செப்டெம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து அப்பிள் மெயிலின் தனியுரிமைப் பாதுகாப்பு, ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதனால் திறப்பு எண்ணிக்கை வீங்கித் தெரியும். இணைப்பை அழுத்தியவர்களும் பதில் எழுதியவர்களும்தான் நம்பத்தக்க கணக்கு.

எப்போது வார்ப்புருவை மீறலாம்? 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் போல ஒன்று வந்தால் மாத மடலுக்குக் காத்திருக்க வேண்டாம். அதே தலைப்பட்டி, அதே அனுப்புநர். கீழே ஒரே செய்தி, ஒரே பொத்தான். மற்றப் பகுதிகள் எல்லாம் வெளியே. வழக்கமான மடல் ஒரே மாதிரி இருப்பதால்தான் அந்த ஒரு செய்தி மடல் கண்ணில் குத்தும். பொங்கல், வருடப்பிறப்பு, பாடசாலையின் ஆண்டு விழா ஆகியவற்றுக்குத் தலைப்பட்டியின் கீழ் ஒரு சிறு கோலப் பட்டி மாறினால் போதும். எலும்புக்கூட்டைத் தொட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை சபை உட்கார்ந்து, யாரும் அழுத்தாத பகுதியை எடுத்துவிடலாம். ஒரே நேரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள்.

சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும்போது எல்லாம் கைவிட்டுப்போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வார்ப்புரு ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அவர் வெளிநாடு போகும் அன்றைக்கு அதுவும் போகும். சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் வைத்திருக்க வேண்டும். கூடவே ஒரு பக்கத் தாள்: நிறங்கள், எழுத்தளவு, பட அளவு, ஒவ்வொரு பகுதியின் சொல் எண்ணிக்கை, பொருள் வரிக்கான மாதிரி, அனுப்பும் நாள். வார்ப்புருவின் மூலப் பிரதியைத் திருத்தாமல், ஒவ்வொரு மாதமும் அதன் நகலில் வேலை செய்யுங்கள். மூலத்தில் ஒருவர் கை வைத்து ஒரு கட்டத்தை அழித்துவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து எல்லா மடலிலும் அது இருக்காது.

முதல் மடலை அனுப்புமுன் ஐந்து பேருக்குச் சோதனைப் பிரதி அனுப்புங்கள்: அண்ட்ராய்டில் ஜிமெயில் வைத்திருப்பவர், ஐபோன்காரர், அலுவலகக் கணினியில் பழைய அவுட்லுக் திறப்பவர், இருள் தோற்றத்தில் பார்ப்பவர், ஊரில் டேட்டாவில் பார்ப்பவர். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். திரைப்பிடிப்பு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்வி: இலச்சினையில் பெயர் தெரிகிறதா, அடிப்பகுதியில் முகவரி வந்திருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் சரியான பக்கம் திறக்கிறதா. ஐந்து திரைப்பிடிப்பும் சரியாக வந்த பிறகு அந்த வார்ப்புருவைப் பூட்டுங்கள். அதற்குப் பிறகு மாதாந்தச் சோதனைக்கு இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் அவுட்லுக்காரராக இருக்கட்டும்.